உட்கார்ந்த வேலை

இந்த நாற்காலி நன்றாக இருக்கிறது, ஐயா. கைப்பிடி இல்லை, ஒரு கால் லேசாக ஆடுகிறது. ஆனாலும் முதுகுக்கு வாகாக இருக்கிறது. நாற்காலியைப் பற்றிப் பேச எனக்குத் தகுதி உண்டு. கல்யாணமான நாளிலிருந்து நின்றுகொண்டே வேலை பார்த்தவள் நான்.

நீங்களும் என்னை அண்ணி என்றே கூப்பிடலாம். சலவைக்கூடத்தில் எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். என் நாத்தனார் எனக்கு முன்பே அங்கே வேலையில் இருந்தவள். நான் அந்த வீட்டுக்கு வாழ வந்த மறுமாதமே என்னையும் கூட்டிக்கொண்டு போய்ச் சேர்த்துவிட்டாள். "இவங்க எங்க அண்ணி" என்று அவள் அறிமுகம் செய்ததை எல்லோரும் அப்படியே பிடித்துக்கொண்டார்கள். எங்கள் மேற்பார்வையாளர் பல்லிடுக்கில் காற்று விட்டுக்கொண்டே நடப்பதால் அவருக்கு விசில் என்று பெயர். என் அப்பா வயது இருக்கும், அவருக்கும் நான் அண்ணிதான்.

அந்த விசிலைத்தான் வேலையிலிருந்து நிறுத்தி வைத்திருக்கிறார்கள். அதனால்தான் நீங்கள் கூப்பிடாமலே உங்கள் விசாரணைக்கு வந்தேன். அவரால்தான் இத்தனை பேருக்கு அடிபட்டது என்று கூடம் முழுக்கப் பேச்சு. ஐயா, அந்த மனுஷன் பிறத்தியாருக்காக ஒரு துரும்பைக் கிள்ளிப் போட்டவரில்லை. இத்தனை பேருக்கு நல்லது நடந்ததற்கு அவர் காரணம் என்றால் நான் எப்படிச் சும்மா இருப்பேன்? முழுதையும் சொல்கிறேன். நிதானமாக எழுதிக்கொள்ளுங்கள்.

எங்கள் கூடத்துக்கு ஓட்டல் விரிப்புகளும் ஆஸ்பத்திரி விரிப்புகளும் வரும். துவைத்து, பிழிந்து, ரோலரில் கொடுத்து இஸ்திரி போட்டு, மடித்து அனுப்புவோம். மடிப்பது ஜோடி வேலை. ஆளுக்கு இரண்டு மூலையைப் பிடித்துக்கொண்டு பின்னால் போக வேண்டும், ஓர் உதறு, பிறகு எதிரெதிரே நடந்து வந்து மூலையோடு மூலை சேர்க்க வேண்டும். இரண்டு பேரும் ஒரே உயரமாக இருந்தால்தான் விளிம்பு ஒத்துவரும். இல்லாவிட்டால் நடுவில் தொப்பை விழும். அதனால் விசில் எங்களைச் சுவரோரம் நிறுத்தி, உயரம் பார்த்துத்தான் ஜோடி சேர்ப்பார். நானும் என் நாத்தனாரும் ஒட்டடைக்குச்சி மாதிரி வளர்ந்தவர்கள். மற்ற பெண்கள் எங்கள் தோளைத் தாண்டமாட்டார்கள். அவளுக்கு என்னை விட்டால் ஆள் இல்லை, எனக்கும் அவளை விட்டால் ஆள் இல்லை.

மடிக்கும்போது பேசலாம், ஆனால் இயந்திரச் சத்தத்தில் கிட்டே வரும்போது சொல்வது மட்டும்தான் காதில் விழும். அதனால் ஒரு மடிப்புக்கு ஒரு வாக்கியம். "நேத்து அம்மா உங்களைப் பத்தி என்ன சொன்னாங்க தெரியுமா அண்ணி" என்று சொல்லிவிட்டு அவள் பின்னால் போய்விடுவாள். என் மாமியார் என்ன சொன்னார் என்று தெரிந்துகொள்ள நான் விரிப்பை உதறி, நடந்து, மூலையைக் கொடுக்க வேண்டும். அவளுக்கு அது பெரிய விளையாட்டு. ஒரு சேதியை முழுசாகச் சொல்லி முடிக்க நாலைந்து விரிப்பு ஆகும். கண்ணில் தண்ணீர் வரச் சிரிப்பாள். நல்ல பெண். எனக்குக் கால் வலிக்கும்.

முதலில் அடிபட்டது எனக்குத்தான். அதில் யாருடைய கையும் இல்லை. அலசும் இயந்திரத்துப் பக்கம் சோப்புத் தண்ணீர் தேங்கியிருந்தது, வழுக்கி விழுந்தேன், தோள் இறங்கிவிட்டது. இரண்டு மாதம் வீட்டில் கிடந்தேன். வீட்டுக்காரர் காபி போட்டுக் கொடுத்தார். அதைக் குடித்ததையும் என் கஷ்டங்களில் சேர்த்து எழுதிக்கொள்ளலாம்.

திரும்பி வேலைக்குப் போன அன்று நல அதிகாரி கூப்பிடுவதாகச் சொன்னார்கள். வேலை போச்சு என்றுதான் நினைத்தேன். உள்ளே போனால் ஒரு சின்ன வயது மேடம், புதிதாக வந்தவர். முதலில் உட்காரச் சொன்னார்கள். பிறகு, "நீங்க சிரமப்படாம வேலை செய்ய நாங்க என்ன வசதி செஞ்சு தரணும்?" என்று கேட்டார்கள்.

எனக்குக் கேள்வியே புரியவில்லை.

"வசதின்னா?"

"தோளுக்கு வலி வரக்கூடாது இல்லையா. உட்கார்ந்து செய்யற வேலை வேணுமா, நடுவுல ஓய்வு வேணுமா, நீங்கதான் சொல்லணும்."

நான் அழுதுவிட்டேன், ஐயா. பிறந்த வீட்டில் கேட்டதில்லை, புகுந்த வீட்டில் கேட்டதில்லை. அந்தக் கூடத்தில் அத்தனை வருடம் நின்றேன், அங்கேயும் ஒருத்தரும் கேட்டதில்லை. விழுந்த பிறகு கேட்டார்கள். இதை மட்டும் நான் மறக்கவே இல்லை.

ஜன்னலோரம் எனக்கு ஒரு மேசை போட்டுக் கொடுத்தார்கள். துவைத்து வரும் விரிப்பில் கறையோ கிழிசலோ இருக்கிறதா என்று விளக்கு வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். நல்லதை ரோலருக்குத் தள்ள வேண்டும், மற்றதைத் திருப்பி அனுப்ப வேண்டும். அவ்வளவுதான் வேலை. உட்கார ஒரு நாற்காலி, முதுகுக்கு ஒரு குஷன், கால் வைக்க ஒரு சின்னப் பலகை, என் பக்கம் மட்டும் பார்க்கும் ஒரு மின்விசிறி. மணிக்கொரு தரம் எழுந்து தோளைச் சுழற்றிக்கொள்ள அனுமதி. நான் சுழற்றும்போது விசில் மரியாதையாக அந்தப் பக்கம் திரும்பிக்கொள்வார். முதல் நாள் சாயங்காலம் வீட்டுக்குப் போனபோது கால் வீங்கவில்லை. மாமியாரிடம் சிரித்துப் பேசினேன். அவர் பயந்துபோய் ஜுரமா என்று என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.

ஆனால் நல்லது கிடைத்தால் தனியாக அனுபவிக்கத் தெரியாத பிறவி நான். மற்றவர்கள் நின்றுகொண்டிருக்க நான் மட்டும் உட்கார்ந்திருப்பது நெஞ்சில் முள்ளாகக் குத்தியது. முக்கியமாகத் தள்ளுவண்டி மாமா. ஈரத்துணி வண்டியை நாள் முழுக்கத் தள்ளுகிறவர். முழங்கால் இரண்டும் தேய்ந்துபோய், உட்கார்ந்து எழுந்தால் முனகல் வரும். வாசலில் டோக்கன் கொடுக்கும் வேலையைத் தனக்குக் கொடுக்கச் சொல்லி மேடத்திடம் போய்க் கேட்டார். போன வேகத்தில் திரும்பி வந்தார்.

"அடிபட்டிருந்தா செஞ்சு தரலாமாம் அண்ணி. தேஞ்சு போனதுக்கு விதி இல்லையாம்" என்றார்.

நான் நம்பாமல் மேடத்திடமே போய்க் கேட்டேன். "எனக்கும் கஷ்டமாத்தான் இருக்கு அண்ணி. ஆனா காயம்னு ஒண்ணு இருக்கணும். டாக்டர் சர்டிபிகேட் இருக்கணும்" என்றார்கள். அவர்கள் முகத்தைப் பார்க்கவே பாவமாக இருந்தது. விதி போட்டது அவர்கள் இல்லையே.

நீங்களே யோசித்துப் பாருங்கள். மாமாவுக்கும் அந்த வாசல் நாற்காலிக்கும் நடுவில் இருந்தது ஒரே ஒரு காயம். அதை யாராவது கொடுத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும். அவராகத் தேடிக்கொள்ளமாட்டார், பயந்த சுபாவம். சாப்பாட்டு நேரத்தில் நான் வண்டிச் சக்கரத்தின் ஆணியைக் கழற்றி இடுப்பில் செருகிக்கொண்டேன். வண்டி மாமாவின் பாதத்தில் சாய்ந்தது. மூன்று விரல்.

குணமாகி வந்து வாசலில் உட்கார்ந்த அன்று மாமா எனக்கு ஒரு பாக்கெட் பிஸ்கட் வாங்கிக்கொண்டு வந்தார். "இந்த வண்டி பத்து வருஷம் முன்னாடியே கவுந்திருக்கக் கூடாதா அண்ணி" என்றார். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. நான்தான் செய்தேன் என்று சொல்லிவிட நாக்கு துடித்தது. ஆனால் செய்த உதவியைச் சொல்லிக் காட்டுவது எனக்குப் பிடிக்காது.

அதற்குப் பிறகு மேசைக்கு வந்து பெருமூச்சு விடுகிறவர்களை நான் வேறு மாதிரி கவனிக்க ஆரம்பித்தேன். இவருக்கு என்ன வசதி தேவை, அதற்கு எந்த இடத்தில் அடிபட வேண்டும் என்று மனசு தானாகக் கணக்குப் போடும். கைக்குழந்தைக்காரி ஒருத்தி இருந்தாள். மத்தியானமே வீட்டுக்குப் போனால் பிள்ளைக்குப் பால் கொடுக்கலாம் என்று புலம்புவாள். அவளுக்குக் கணுக்கால் போதும் என்று தோன்றியது. கூடத்துப் படியில் கொஞ்சம் சோப்பு வைத்தேன். பல மாதம் அரைநாள் வேலை கிடைத்தது. சில நாள் குழந்தையை இடுப்பில் தூக்கி வருவாள், அன்றைக்குத் தூக்கி வரவில்லை என்று பார்த்துவிட்டுத்தான் வைத்தேன். எனக்கென்று ஓர் ஒழுங்கு உண்டு. முகத்தில் படக்கூடாது. சோறு தின்னும் கையில் படக்கூடாது. தேவைக்கு மேல் போகக்கூடாது.

சோப்புக்காரர் விஷயத்தில் கொஞ்சம் கூடிவிட்டது. அவர் சலவை மருந்து கலக்குகிறவர். அந்த நெடியில் இருமி இருமி, சாமான் அறைக்கு மாற்றமாட்டார்களா என்று ஏங்கிக்கொண்டிருந்தார். பீப்பாய் மூடியைத் தளர்த்தி வைத்தேன். இடது கையில் கொஞ்சம் படும் என்பது என் எண்ணம். அவர் குனிந்து பார்ப்பார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. இப்போது சாமான் அறையில்தான் இருக்கிறார், இருமல் அறவே இல்லை. ஒரு கண் நன்றாகத் தெரிகிறது. ஏன் சிரிக்கமாட்டேன் என்கிறார் என்று கேட்கிறார்கள். அவர் முன்பும் சிரித்தவரில்லை.

இதற்கிடையில் மேடத்துக்குத் தலைமை அலுவலகத்திலிருந்து கேடயம் வந்தது. காயம்பட்டவர்களை இவ்வளவு அக்கறையாகத் திரும்பவும் வேலையில் அமர்த்திய கிளை வேறு இல்லையாம். எல்லோருக்கும் இனிப்பு கொடுத்தார்கள். நானும் கை தட்டினேன். மனசு கொஞ்சம் சங்கடப்பட்டதை மறைக்கமாட்டேன். ஆள் சேர்த்துக் கொடுப்பது ஒருத்தி, கேடயம் வாங்குவது இன்னொருத்தி. ஆனால் மேடம் நல்லவர்கள், போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

எல்லோரும் உட்கார்ந்துவிட்டால் வேலை யார் செய்வது என்ற கேள்வி வரத்தானே செய்யும்? ஈரத்துணி மலையாகக் குவிந்தது. விசிலே வண்டி தள்ளினார். தள்ளும்போது அவர் பல்லிடுக்கிலிருந்து காற்று வரவில்லை, அது ஒரு நிம்மதி. மேடம் எங்களைக் கூட்டி வைத்து, "யாருக்குக் குணமாயிடுச்சோ அவங்க ஒவ்வொருத்தரா பழைய வேலைக்குத் திரும்பணும், ப்ளீஸ்" என்றார்கள். நான் தோளைப் பிடித்துக்கொண்டேன்.

தோள் எப்போதோ சரியாகிவிட்டது, ஐயா. பொய் சொல்வானேன். ஆனால் நாற்காலி என்பது தோளுக்கு மட்டுமா? காலுக்கு, இடுப்புக்கு, மனசுக்கு. அந்த மேசையில் உட்கார்ந்தால் நான் ஒரு ஆள் என்று எனக்கே தோன்றும். அதைவிட்டு எழுந்து மறுபடி விரிப்பின் மூலையைப் பிடிக்க நான் தயாராக இல்லை.

என் நாத்தனார் அப்போது ரோலரில் இருந்தாள். நான் மடிப்பை விட்டு வந்ததும் அவளுக்கு ஜோடி இல்லாமல் போய்விட்டது. வேறு வழியில்லாமல் விசில் அவளை ரோலர் வாயில் விரிப்பு கொடுக்க நிறுத்திவிட்டார். அனல் அடிக்கும் இடம். பேச்சுத் துணைக்கும் ஆள் கிடையாது. தினமும் வீட்டுக்கு நடக்கும்போது, "எப்ப திரும்பி வருவீங்க அண்ணி? பேசாம பேசாம எனக்கு வாயே மறந்துடும் போல" என்பாள். பார்க்கலாம் என்பேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டில் கேஸ் தீர்ந்துவிட்டது. வாசலில் கிடந்த புது சிலிண்டரை நான் யோசிக்காமல் தூக்கிக்கொண்டு அடுக்களைக்குள் போனேன். பார்த்துக்கொண்டிருந்தவள் கை தட்டினாள்.

"அண்ணி, தோள் சரியாயிடுச்சு! நீங்களே கவனிக்கலையா?"

நான் கவனிக்கவில்லை என்றேன்.

மறுநாள் காலையில் அவள் நேராக மேடத்திடம் போய்ச் சொல்லிவிட்டாள். கோள் மூட்டும் புத்தி அவளுக்குக் கிடையாது. சந்தோஷத்தை வாயில் அடக்கத் தெரியாது, அவ்வளவுதான். டாக்டர் தோளை மேலே தூக்கச் சொன்னார், கீழே இறக்கச் சொன்னார், தலையாட்டினார். மேடம் முகமெல்லாம் மலர, "அடுத்த திங்கள்கிழமையிலருந்து நீங்களும் உங்க நாத்தனாரும் பழையபடி ஜோடி. அவங்களே வந்து கேட்டுக்கிட்டாங்க அண்ணி" என்றார்கள்.

அன்று சாயங்காலம் அவள் வழியெல்லாம் என் கையை விடவில்லை. "உங்ககிட்ட சொல்ல எவ்வளவு சேத்து வச்சிருக்கேன் தெரியுமா? ஒரு மாசம் மடிக்கற அளவுக்கு இருக்கு" என்றாள். எனக்கு அவள்மேல் கோபம் வரவில்லை. கோபத்தில் செய்தேன் என்று எழுதிவிடாதீர்கள். எனக்கு அவளை ரொம்பப் பிடிக்கும்.

பிடிக்கும் என்பதால்தான் யோசித்தேன். யார் யாருக்கோ செய்தேன், சொந்த நாத்தனாருக்கு என்ன செய்தேன்? அவள் மட்டும் கடைசி வரைக்கும் நின்றுகொண்டே இருக்க வேண்டுமா? நாலு பேர் கேட்டால் என்ன பதில் சொல்வது? அவளுக்கும் ஒரு நாற்காலி போட்டு என் பக்கத்தில் உட்கார வைத்தால் நாள் முழுக்கப் பேசலாம், பின்னால் போகாமல், உதறாமல், முழு வாக்கியமாகவே பேசலாம்.

ஜோடியில் ஒருத்தி இல்லாவிட்டால் இன்னொருத்திக்கும் மடிப்பு வேலை கிடையாது என்பது உண்மைதான். நீங்கள் அதைக் கேட்பீர்கள் என்று தெரியும். அது எனக்கு அப்புறம்தான் தோன்றியது. அப்புறம் என்றால், கம்பியைக் கட்டி முடித்த பிறகு. அல்லது கட்டிக்கொண்டிருக்கும்போது.

ரோலர் வாய்க்கு முன்னால் குறுக்காக ஒரு கம்பி இருக்கிறது. விரல் அதில் இடித்தால் கம்பி மேலே தூக்கிக்கொள்ளும், ரோலர் நின்றுவிடும். அந்தத் தைரியத்தில் என் நாத்தனார் விரிப்பின் ஓரச் சுருக்கத்தைக் கடைசி நொடி வரைக்கும் நீவிவிட்டுக்கொண்டே இருப்பாள். வேலையில் அவ்வளவு சுத்தம். சுருக்கத்தோடு ஒரு விரிப்பு போனால் அன்றைக்கு அவளுக்குச் சோறு இறங்காது. சனிக்கிழமை, எல்லோரும் சாப்பிடப் போன நேரம், கிழிந்த விரிப்பில் ஒரு நாடா கிழித்துக் கம்பியைத் தூக்கிக்கொள்ளாதபடி கட்டினேன். சாப்பாடு முடிந்ததும் நாற்காலியில் உட்கார்ந்து, ஓரம் சுருண்ட விரிப்புகளாகப் பார்த்து அவள் பக்கம் தள்ளினேன். முதல் விரிப்பு ஒன்றும் ஆகவில்லை. இரண்டாவதும் ஒன்றும் ஆகவில்லை. கறை இருக்கிறதா என்றும் பார்த்துத்தான் தள்ளினேன். எந்த நிலையிலும் வேலையில் குறை வைக்கமாட்டேன்.

அவள் கத்தவில்லை. அண்ணி என்று மட்டும் கூப்பிட்டாள். அத்தனை சத்தத்துக்கு நடுவிலும் எனக்கு அது கேட்டது. முதலில் ஓடியது நான்தான், அதற்குச் சாட்சி இருக்கிறது. நாடாவை அவிழ்த்தேன், பிறகு ரோலரை நிறுத்தினேன். வரிசையை மாற்றிச் செய்திருக்கலாமே என்கிறீர்கள். செய்திருக்கலாம்.

ஆக, எல்லாம் நான் செய்ததுதான். மாமாவின் கால், கைக்குழந்தைக்காரியின் கணுக்கால், சோப்புக்காரரின் கண், என் நாத்தனாரின் வலது கை மணிக்கட்டு வரைக்கும். விசிலுக்கு இதில் ஒரு பங்கும் இல்லை. அவரைத் திரும்ப வேலைக்குக் கூப்பிட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். சோறு தின்னும் கையில் படக்கூடாது என்ற ஒழுங்கை மீறினேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சொந்தக்காரியிடம் கொஞ்சம் உரிமை எடுத்துக்கொள்ளலாம்தானே.

நேற்று ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். கட்டிலில் விரித்திருந்தது எங்கள் கூடத்து விரிப்பு. ஓரத்தில் ஒரு பழைய கறை என் கண்ணுக்குத் தப்பியிருந்தது, எனக்குப் பிடிக்கவில்லை. நான் இட்லியைப் பிட்டு ஊட்டிவிட்டேன், ஒழுங்காகச் சாப்பிட்டாள். நான் ஓடிவந்து ரோலரை நிறுத்தியிராவிட்டால் உயிரே போயிருக்கும் என்று பக்கத்துக் கட்டில்காரியிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரத்தில் மேடம் வந்தார்கள். அவர்களுக்கு அழுகை நிற்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, திரும்பி வேலைக்கு வரும்போது என்ன வசதி செய்து தர வேண்டும் என்று கேட்டார்கள்.

என் நாத்தனார் யோசிக்கவே இல்லை. "எனக்கு எங்க அண்ணியோட துணி மடிக்கணும் மேடம். ஒத்தைக் கையால பழகிக்கறேன். அண்ணிதான் எதிர்ல இருப்பாங்களே" என்றாள்.

மேடம் என்ன எழுதிக்கொள்வது என்று தெரியாமல் என் முகத்தைப் பார்த்தார்கள். பாவம், மருந்து மயக்கம் இன்னும் தெளியவில்லை என்று நான்தான் சொன்னேன். நாற்காலி என்று எழுதிக்கொள்ளச் சொன்னேன்.